பாதி எண் போதாது

ஆசிரியருக்கு,

மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ எல்லோரிடமும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருப்பதாகத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் படித்தேன். தகவல் சரியானது, ஆனால் அது பாதி எண். உலகில் வயது வந்தோரில் சுமார் 95 சதவீதம் பேருக்கும் இதே தொற்று ஏற்பட்டிருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே எச்சில் வழியாகத் தொற்றி, வாழ்நாள் முழுவதும் உடலில் உறங்கிக் கிடக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே இந்த நரம்பு நோய் வருகிறது. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இதனால்தான் முக்கியமானது. நோயாளிகளிடம் வைரஸ் இருப்பதைக் கண்டதோடு அது நிற்கவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரைக் கொண்ட தொகுப்பிலிருந்து, தொற்று முதலில் வந்ததையும் அதன் பிறகே நோய் அபாயம் 32 மடங்கு உயர்ந்ததையும் காட்டியது. எது முன், எது பின் என்ற அந்த வரிசையே வலுவான சான்று.

என் தங்கை இந்நோயுடன் வாழ்கிறாள். இப்படியொரு செய்திக்குப் பிறகு, எங்கள் உறவினர் ஒருவர் தம் குழந்தைகளை அவள் மடியில் உட்காரக்கூட விடவில்லை. அந்த வைரஸ் அவருடைய உடலிலும் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு என்பதை யார் அவருக்குச் சொல்வது? நோயாளிகளிடையே ஒரு தொற்று எவ்வளவு பரவலாக உள்ளது என்று எழுதும்போதெல்லாம், நலமாக இருப்பவர்களிடையே அது எவ்வளவு என்ற எண்ணையும் அதே பத்தியில் அச்சிடுங்கள். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்ற வரியையும் தவறாமல் சேர்க்க வேண்டுகிறேன்.

– வாசகர், திருச்சி