லாரியில் காற்றை ஏற்றி அனுப்புகிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோர ஊர்களில் பழைய இரும்புக் கடைகளின் தகரக் குவியல் ரோடு வரைக்கும் வந்து கிடக்கிறது, அதிகாரிகள் அப்புறப்படுத்த வேண்டும் என்று படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். படத்தில் இருந்தது என் கடை இல்லை. ஆனால் உச்சிப்புளியில் இருக்கும் என் கடையைப் படம் எடுத்திருந்தாலும் அதே லட்சணத்தில்தான் இருந்திருக்கும், அதனால் மறுத்துப் பேச வரவில்லை. டின்னுக்குள் மழைத்தண்ணீர் தேங்குகிறது, கொசு வருகிறது, மேயப் போன ஆடு காலைக் கிழித்துக்கொண்டு வருகிறது, எல்லாம் உண்மை. தகரம் ஏன் குவிகிறது என்பதற்கு மட்டும் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கனமான இரும்பு எங்களிடம் தங்குவதே இல்லை. விசைப்படகின் இழுவைமடி வலையை விரித்துப் பிடிக்கிற பலகையில் கழற்றிய இரும்புப் பட்டை, நங்கூரச் சங்கிலி, உடைந்த எஞ்சின் பிளாக், ஷாஃப்ட் எல்லாம் வந்த வாரமே லாரி ஏறிவிடும், சின்ன இடத்தில் பெரிய எடை நிற்கும். பித்தளை புரொப்பல்லரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் படுக்கிற வியாபாரிகளை எனக்குத் தெரியும். கிடையாகக் கிடப்பது தகரம்தான். பதினைந்து கிலோ எண்ணெய் டின், பெயிண்ட் டப்பா, கொட்டகையில் கழற்றிய கூரைத் தகரம், துருப்பிடித்த பீரோ, வாஷிங் மெஷின் கூடு, சைக்கிள் மட்கார்டு.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கையில் பேனா இருந்தால் போட்டுப் பாருங்கள். நான் பிடிக்கிற லாரியின் தொட்டி இருபது அடி நீளம், ஏழு அடி அகலம், பலகை வைத்துக் கட்டினால் ஆறு அடி உயரம். 840 கன அடி, அதாவது ஏறக்குறைய 24 கன மீட்டர். நாலு ஆள் மேலே ஏறி நின்று குதித்துக் குதித்து மிதித்தாலும் அதில் 4 டன் தகரம்தான் ஏறும். லாரி 10 டன் தாராளமாக இழுக்கும். சரி, இரும்பு ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. அப்படியானால் அந்த 4 டன் தகரத்தில் உண்மையான இரும்பு பிடிக்கிற இடம் வெறும் அரை கன மீட்டர். மிச்சம் இருபத்து மூன்றரை கன மீட்டரும் காற்று. டீசல் போட்டு, டோல் கட்டி, மண்டபத்துக் காற்றை வெளியூர் உருக்காலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு டிரைவர் எடைமேடைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது லோடா பலூனா?" என்று கேட்டார்.

லாரிக்காரர் வாடகை கேட்பது நடைக்குத்தான், கிலோவுக்கு இல்லை. ராமேசுவரம் தீவுக்குள் இருக்கிற கடைக்காரருக்கு என்னைவிட இன்னும் கொஞ்சம் தூரம் கூடுதல், பாம்பன் பாலம் தாண்டி வரவேண்டும். விலை கொஞ்சம் ஏறட்டும், லோடு சேரட்டும் என்று வைத்திருப்போம். அந்த வைத்திருப்பதுதான் நீங்கள் படம் எடுத்த குவியல்.

வைத்திருக்கும்போது இன்னொரு ஆள் கேட்காமலே பங்கு எடுத்துக்கொள்வார். உப்புக்காற்று. பாம்பனில் 1914-ல் கட்டிய ரயில் பாலத்துக்கு எவ்வளவு பெயிண்ட், எத்தனை ஆள், எத்தனை பராமரிப்பு, அப்படியும் அரிப்பு தாளாமல் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். அந்தக் கெட்டி இரும்புக்கே அந்தப் பாடு என்றால் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எண்ணெய் டின் எம்மாத்திரம்? ஒரு கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) பருவம் வெளியில் கிடந்தால் போதும், அடியில் இருக்கிற தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். கூட்டி அள்ளினால் சிவப்புத் தூள். அந்தத் தூளும் உருக்காலை எடைமேடையில் எடைதான், ஆனால் அங்கே இருப்பவர் ஒரு கையளவு எடுத்து ஊதிப் பார்த்துவிட்டுப் பிடித்தம் போட்டுவிடுவார்.

இதற்கு மருந்து பேலிங் பிரஸ், அதாவது தகரத்தை அமுக்கிக் கட்டியாக்குகிற மெஷின். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு பேல் புதுசு இல்லை. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் விளைகிற பருத்தியை ஜின்னிங் முடித்து, அதாவது கொட்டை நீக்கி, கட்டு அடிக்கிறார்கள், அந்தக் கட்டுதான் பேல், ஒரு பேல் 170 கிலோ என்பது பருத்தி வியாபாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஞ்சை யாரும் கோணியில் அள்ளிப்போட்டு மில்லுக்கு அனுப்புவதில்லை. தகரத்தை மட்டும் அப்படி அனுப்புகிறோம்.

மெஷின் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். தரைமட்டத்தில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி, உள்ளே தேய்மானத் தகடு அடித்திருக்கும். தகரத்தை அதில் கொட்டியதும் மேல் மூடி இறங்கி அமுக்கும், அப்புறம் பக்கவாட்டில் இருந்து ஒரு தள்ளு, கடைசியாக நீளவாக்கில் ஒரு தள்ளு. எட்டு அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஆயில் போனால் அறுபது டன்னுக்கு மேல் தள்ளும், ஒரு ரயில் எஞ்சினில் பாதி எடை. பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான், வேறு மாயம் ஒன்றும் இல்லை. கதவு திறந்தால் ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அடி நீளத்தில் ஒரு கட்டி வந்து விழும், அறுபது அறுபத்தைந்து கிலோ. முதல் கட்டி வந்தபோது அதன் பக்கத்தில் ஒரு சமையல் எண்ணெய் டின்னின் படம், சூரியகாந்திப்பூ, பாதியாக மடங்கித் தெரிந்தது. ரெண்டு பேர் தூக்கலாம். செங்கல் மாதிரி அடுக்கலாம், ஆடு காலைக் கிழித்துக்கொள்ளாது, தண்ணீர் தேங்காது. அதே லாரியில் 10 டன் ஏறிய பிறகும் தொட்டியில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்.

முதல் கட்டி என்று சொன்னேன் இல்லையா. ஆமாம், நான் ஒரு பழைய பிரஸ் வாங்கினேன். வெளியூரில் ஒரு கடை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சல்லிசாகக் கிடைக்கிறதே என்று இறக்கிவிட்டேன். அந்தக் கதையைச் சொல்லாமல் மெஷின் வாங்குங்கள் என்று மட்டும் எழுதினால் அது நியாயம் இல்லை.

அந்த மெஷின் கடற்கரைக்குப் பிறந்தது இல்லை. சிலிண்டருக்குள் போய் வந்து தள்ளுகிற தண்டுக்கு ராடு என்று பெயர், அதன் மேலே பளபளவென்று குரோம் பூச்சு இருக்கும். சாயந்திரம் வேலை முடிந்ததும் ராடு வெளியே நீண்டபடியே விட்டுவிட்டுப் போவோம், எங்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் அந்தப் பளபளப்பில் ஊசி குத்தினாற்போல் புள்ளி புள்ளியாகக் குழி. அந்தக் குழி ஒவ்வொன்றும் உள்ளே போய் வரும்போது ஆயில் வெளியே வராமல் தடுக்கிற சீல் வளையத்தை அரம் மாதிரி ராவும். சீல் போனால் ஆயில் ஒழுகும், ஆயில் ஒழுகினால் அழுத்தம் ஏறாது, கட்டி கட்டியாக வராமல் கைவிட்டால் விரிகிற பாய் மாதிரி வரும். ஆயில் டேங்க் மூச்சு விடுகிற மூடி வழியாக ஈரக்காற்று உள்ளே போய் ஆயில் மோர் நிறத்துக்கு மாறியது. வலை இழுத்த பலகையோடு வரும் கடல் மணல் பெட்டியின் தகட்டைக் கீறியது. இதற்கெல்லாம் வைத்தியம் சுலபம்தான்: ராத்திரி ராடை முழுக்க உள்ளே இழுத்துவிட வேண்டும், வெளியே தெரிகிற இடத்தில் கிரீஸ் தடவ வேண்டும், மணலைத் தட்டி உதறாமல் பெட்டிக்குள் கொட்டக்கூடாது, மூச்சு மூடியில் ஈரம் உறிஞ்சுகிற வடிகட்டி போட வேண்டும். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த மெஷினில் ரெண்டு பொத்தான். ரெண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மூடி இறங்க வேண்டும், கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. பழைய முதலாளி ஒரு பொத்தானில் சின்ன மரக்குச்சியைச் செருகி எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்திருந்தார். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நாலாவது மாதம் எங்கள் பையன் ஒருவன், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கூரைத் தகரத்தைக் கையால் உள்ளே தள்ளப் போனான், இன்னொருவன் பொத்தானை அழுத்திவிட்டான். ரெண்டு விரல். கையுறை போட்டிருந்தான், அறுபது டன்னுக்குக் கையுறை என்ன செய்யும்? ஓடுகிற மெஷினுக்கு மறைப்பு வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்துவிட்டார்கள், அதைப் படித்துத்தான் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை, அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்திருந்தால் போதும். தப்பு என்னுடையது. அவன் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறான், எடை போடுகிறான். மெஷினை நான் எடைக்கே போட்டுவிட்டேன்.

அப்படியானால் இப்போது என்ன கேட்கிறேன் என்றால், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பிரஸ் வேண்டாம். எங்களில் பாதிப் பேரிடம் முப்பது குதிரைசக்தி மோட்டாருக்கு வேண்டிய மும்முனைக் கனெக்‌ஷனும் இல்லை, தினம் ஓட்டுகிற அளவுக்குத் தகரமும் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரே இடத்தில் பொதுவாக ஒன்று வைக்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதிலும் ஓட்டை இருக்கிறது, தொண்டியில் இருந்தோ தங்கச்சிமடத்தில் இருந்தோ அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே அதே காற்றைத்தானே லாரியில் ஏற்ற வேண்டும்? பழைய குருடி கதவைத் திறடி.

மெஷின்தான் தகரத்தைத் தேடி வரவேண்டும். லாரிச் சேஸிஸ் மேலேயே பிரஸ், தூக்கிப் போட நகக்கொக்கி வைத்த கிரேன், ஓட்டுவதற்குத் தனி டீசல் எஞ்சின், எல்லாம் சேர்ந்த வண்டி இருக்கிறது, வெளிநாட்டில் பழைய கார்களை நின்ற இடத்திலேயே கட்டி அடிக்க இதைத்தான் ஓட்டுகிறார்கள். அப்படி ஒரே ஒரு வண்டி தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம், திரும்பி வந்து பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலோரமாகவே முறை வைத்து வந்தால் போதும், டன்னுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்க நாங்கள் தயார். உப்பில் நிற்கிற வேலையும் குறையும், ராத்திரி உள்தள்ளி நிறுத்திக்கொள்ளலாம். குறு, சிறு தொழில்கள் குழுமமாகச் சேர்ந்தால் பொது வசதி மையம் அமைக்க அரசுத் திட்டம் இருக்கிறது. காயலான் கடை என்றால் குழுமம் இல்லையா? (காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பெயர் என்று சொல்வார்கள், எங்களுக்கும் ஒரு ஊர்ப் பெருமை உண்டு.) வாலிநோக்கத்தில் கப்பலையே உடைத்துப் பார்த்த மாவட்டம் இது, டின்னை அமுக்க முடியாதா?

எதிர்ப்பு வரும், தெரியும். கட்டி அடித்துவிட்டால் திருட்டுச் சாமானை அடையாளம் காண முடியாது என்பார்கள். நியாயமான சந்தேகம். அமுக்குவதற்கு முன்னால் குவியலைப் படம் எடுத்து, யாரிடம் வாங்கியது என்று நோட்டில் எழுதி வைக்கட்டும், வண்டி பொதுவில் வந்தால் அதைச் செய்யவைப்பதும் சுலபம். எங்கள் ஆட்களிலும் யோக்கியர்கள் மட்டும் இல்லை, கட்டிக்கு நடுவில் மண்ணையும் கல்லையும் வைத்து அடித்து எடை ஏற்றியவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சில உருக்காலைகளில் பத்தில் ஒரு கட்டியைப் பிளந்து பார்க்கிறார்கள்.

மண்கூடப் பரவாயில்லை, நஷ்டத்தோடு போகும். கட்டிக்குள் போகவே கூடாதவை சில உண்டு. மூடிய காஸ் சிலிண்டர், ஷாக் அப்சார்பர், அடைத்த டிரம், ஸ்பிரே டப்பா. அப்புறம் தண்ணீர். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த டின்னை அப்படியே அமுக்கினால் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்தக் கட்டி ஆயிரத்து ஐந்நூறு டிகிரியை ஒட்டிக் கொதிக்கிற இரும்புக்குள் முங்கினால் அந்தத் தண்ணீர் நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் பெருக்கும். உலைக்கு முன்னால் நிற்கிறவன் மேல் உருகிய இரும்பு தெறிக்கும். நாம் உச்சிப்புளியில் சோம்பேறித்தனப்பட்டதற்கு எங்கேயோ ஒரு தொழிலாளி பொசுங்கக்கூடாது. டின்னுக்கு ரெண்டு ஓட்டை போட்டு, வடியவிட்டு, வெயிலில் கிடத்திய பிறகுதான் அமுக்க வேண்டும். வண்டியோடு வருகிற ஆளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, நனைந்த லோடைத் திருப்பி அனுப்புகிற அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும், கடைக்காரன் நான் சத்தம் போட்டாலும்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகு எல்லாம் கரையில். பட்டறை வேலை நடக்கும், கழித்த தகடும் டீசல் டின்னும் அப்போதுதான் எங்களுக்கு அதிகமாக வரும், கச்சான் காற்றும் அதே சமயத்தில் கிளம்பிவிடும். வண்டி வருவதாக இருந்தால் அந்த ரெண்டு மாதத்துக்குள் ஒரு சுற்று வந்து பார்க்கட்டும். முதல் நாள் என் கடை வாசலில் நிறுத்தலாம், ஒரு லோடுக்கு மேலேயே கிடக்கிறது. உங்கள் நிருபரும் அப்போது வந்து இன்னொரு படம் எடுக்கலாம்.

இப்படிக்கு,
பழைய இரும்பு வியாபாரி,
உச்சிப்புளி.