புதன்கிழமைக்கு வந்துவிடு

பட்டர்வொர்த்
வியாழக்கிழமை காலை

அன்புள்ள தோழிக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவை நேற்று ராத்திரி மூன்று தடவை கேட்டேன். "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டாயே, அதுதான் மனசில் நிற்கிறது. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் பேச ஆரம்பித்தால் உன் பக்கத்தில் யாராவது வருவார்கள், என் பக்கத்தில் குக்கர் விசில் அடிக்கும். அதனால் பேரனின் நோட்டிலிருந்து நாலு தாள் வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. எல்லாரும் சௌக்கியம். மகனுக்குப் பிறையில் அதே தொழிற்சாலைதான். இந்த மாதம் இரவு வேலை, அதனால் பகலில் வீட்டில் சத்தம் போடக்கூடாது. மருமகளுக்குக் கிளினிக் வேலை, ஏழரைக்கே கிளம்பிவிடுவாள். பேத்தி இரண்டாம் படிவம் போய்விட்டாள், என்னைவிட உயரம். பேரன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. காலை ஐந்து மணிக்கு எழுந்து அவனுக்குக் குளிப்பாட்டிப் பள்ளி வேன் வருவதற்குள் ஊட்டிவிடுவது என் வேலை. தோட்டத்தில் விடியற்காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற மாதிரிதான், மணி தவறக்கூடாது. அவன் போன பிறகு மின்னல் எஃப்எம்மைச் சின்னதாக வைத்துவிட்டு, வாசல் துளசிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு கோப்பி. அந்த அரை மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் இருந்தவரை அந்த நேரத்தில்தான் தமிழ் நேசனைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டுவார். 2019இல் அந்தப் பேப்பர் நின்றபோது, வீட்டில் ஒரு ஆள் குறைந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவரும் இல்லை.

சரி, இந்தக் கடிதம் அதற்கில்லை. என் புதன்கிழமைகளைப் பற்றி உனக்கு முழுசாகச் சொன்னதேயில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவர் போன பிறகு நாலைந்து மாதம் நான் வாசற்படி தாண்டவில்லை. யாரும் தடுக்கவில்லை, எனக்கே போகத் தோன்றவில்லை. டிவி ஓடும், நான் பார்ப்பேன், என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. அப்படி ஒரு நாள் வாசலில் குரல்: "என்னா புள்ள, உள்ளயே உக்காந்திருக்க? எந்திரி." திரும்பிப் பார்த்தால் ஆமோய்! கையில் கூவே பலகாரப் பொட்டலம். நம் தோட்டத்துக் கடைக்காரர் மகள்தான். அவளுக்கு வயசு எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் நமக்கு அவள் ஆமோய்தான், அவளுக்கு நாம் புள்ள என்பதும் மாறவில்லை. சொந்த வீட்டில் ஹொக்கியன் சீனம் பேசுகிறவள், என்னைப் பார்த்தால் நம் தோட்டத்து லயத்துத் தமிழ்தான். அவள் அப்பா கடையில் நம் அம்மாமார் கணக்கெல்லாம் அந்தக் குட்டி 555 நோட்டில் எழுதி வைப்பாரே, சம்பள நாள் வரைக்கும் அரிசியும் கருவாடும் அந்த நோட்டில்தானே ஓடியது. அந்த நோட்டில் பெயர் எழுதத் தமிழ் கற்றுக்கொண்டவள் அவள். நீ சொல்லிக் கொடுத்த எழுத்து.

அன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஃபெர்ரியில் ஏற்றினாள். வேறெங்கும் போகவில்லை. அக்கரையில் பினாங்குத் தீவுக்குப் போனோம், ஜெட்டியில் ஒரு தே குடித்தோம், திரும்பி வந்தோம். கடல் காற்று முகத்தில் அடித்ததும் நான் அழுதுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த புதன்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும். மூன்றாவது வாரம் மகன் பேச்சை ஆரம்பித்தான். "அம்மா, படிக்கட்டு, ரோடு, ஏதாவது ஆச்சுன்னா?" பாசத்தில்தான் சொன்னான். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்போது மருமகள் சட்டியைக் கழுவிக்கொண்டே, "புதன்கிழமை நான் லேட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிறேன் அத்தை, நீங்க போயிட்டு வாங்க. சமையலையும் நான் பார்த்துக்கிறேன்" என்றாள். அவளுக்கும் எனக்கும் உப்பு புளி விஷயத்தில் எத்தனை மனத்தாங்கல் வந்திருக்கிறது, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் அவளைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை. போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், நாலு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், இரண்டே நிபந்தனைதான். ஒரு தடவை மட்டும் மழையில் தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். ஒரு மலாய்க்காரப் பையன் குடை பிடித்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அதை வீட்டில் சொன்னேன், மறைக்கவில்லை. மறைத்திருந்தால்தான் பயந்திருப்பார்கள்.

ஃபெர்ரி இப்போது நாம் பார்த்த ஃபெர்ரி இல்லை. கார்களையும் லாரிகளையும் வயிற்றில் அடைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் போகுமே, புலாவ் அங்சா, புலாவ் ரீமாவ் என்று தீவுகளின் பேர் எழுதியிருக்குமே, அதெல்லாம் 2020 டிசம்பரோடு நின்றுவிட்டது. அப்புறம் கொஞ்ச காலம் படகுகள் ஓடின. 2023 ஆகஸ்டில் புது ஃபெர்ரிகள் வந்தன. மோட்டார் சைக்கிளும் ஆட்களும் மட்டும்தான், கார் எல்லாம் பாலத்தில் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். உள்ளே குளிர்சாதனம், சுத்தமாக இருக்கிறது, நல்ல வேகம். குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பழைய மர பெஞ்சில் உட்கார்ந்து, கீழே கார் எஞ்சின் சத்தத்தோடு, கடல் பக்கம் கையை நீட்டியபடி போன சுகம் அதில் இல்லை. பட்டர்வொர்த்தில் ஏறும்போது மட்டும் காசு கொடுத்து, வரும்போது சும்மா வருவோமே, அது பேரனுக்குச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்.

அந்தத் தைப்பூசம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பாலம் வராத காலம். தோட்டத்து லாரியில் பாய் விரித்து எல்லாரையும் ஏற்றி, லாரியோடு ஃபெர்ரியில் போனோம். நமக்குப் பத்து வயசு இருக்கும். எட்டிப் பார்க்கிறேன் என்று நீ ஒரு செருப்பைக் கடலில் விட்டுவிட்டு ஓ என்று அழுதாய். உங்கப்பா அடிப்பார் என்று பயம். ஆமோய் தன் செருப்பைக் கழற்றி உன் காலில் மாட்டினாள். "நான் எப்படியும் கோயிலுக்கு வெறுங்காலோடதான் போவேன்" என்றாள். அவளுக்கு அது என்ன பெரிய விஷயமா, அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

இப்போதும் நாங்கள் அடிக்கடி தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத்தான் போகிறோம். ஜெட்டியிலிருந்து தாவரவியல் பூங்கா போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். 2012இல் மலைமேல் புதுக்கோயில் திறந்த பிறகு, படி ஐந்நூறுக்கு மேல். என் முட்டிக்கு அது ஆகாது. அடிவாரத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், அங்கிருந்தே மலையை நோக்கி ஒரு கும்பிடு. முருகனுக்கு என் முட்டியைப் பற்றித் தெரியும். ஆமோய் மட்டும் போன வருஷம் வரை ஏறிக்கொண்டிருந்தாள். தைப்பூசத்துக்குத் தேர் வரும் பாதையில் தேங்காய் உடைக்க அவள் பிள்ளைகளே மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிக்கிறார்கள். மகளுக்கு உடம்பு சரியில்லாதபோது வேண்டிக்கொண்டாளாம், அதை இன்றுவரை நிறுத்தவில்லை.

கோயிலிலிருந்து பூங்காவுக்கு மெல்ல நடந்துவிடலாம். 1884இல் உண்டாக்கிய தோட்டம், வெள்ளைக்காரன் காலத்து மரங்கள் இன்னும் அப்படியே குடை விரித்து நிற்கின்றன. அங்கே ஒரு நாகலிங்க மரம் இருக்கிறது. தண்டிலேயே பூ, பீரங்கிக் குண்டு மாதிரி காய். கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்து ஆமோயிடம் காட்டி, "பார், நடுவில் லிங்கம், மேலே நாகம் குடை பிடிக்குது" என்றேன். அவள் அந்தப் பூவைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் சாமி மேடையில் குவான் யின்னுக்கு முன்னால் வைத்தாளாம். குரங்குகளுக்கு மட்டும் பயம். பையில் பிளாஸ்டிக் சலசலத்தாலே ஓடி வந்துவிடும், அதனால் தின்பண்டம் கொண்டுபோவதில்லை.

சில புதன்கிழமை லிட்டில் இந்தியாவோடு சரி. மார்க்கெட் ஸ்திரீட்டில் பூ, வெற்றிலை, மருமகளுக்கு ஒரு பாக்கெட் முறுக்கு. குயின் ஸ்திரீட் மாரியம்மனுக்கு ஒரு சுற்று. 1833இல் கட்டிய கோயில், நம் பாட்டிமார் கப்பலில் வந்து இறங்கிய காலத்துக்கு முன்னாலேயே அங்கே அம்மன் இருந்திருக்கிறாள் என்று நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு தைரியம் வரும். அப்புறம் பினாங்கு ரோட்டுப் பக்கம் சந்தில் செண்டோல். எனக்குச் சர்க்கரை, அவளுக்கும் சர்க்கரை. ஒரே கிண்ணம் வாங்கி, குலா மலாக்கா வெல்லப்பாகைக் குறைத்து ஊற்றச் சொல்லி, இரண்டு கரண்டி. டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாதே. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது உன் வாசல் எப்படி இருக்கும்! யாராவது ஒருத்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உன் வீட்டுக்காரர் செந்தூல் பட்டறையிலிருந்து வரும்போது ஆள்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அப்படி இருந்த நீ பதினேழாவது மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு, மகள் வேலை முடிந்து வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஆறு வாரமாக லிஃப்டில் இறங்கவில்லை என்று நீயே சொன்னாய். உன் மகளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கவலை. ஆனால் நீ ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்கு எப்படித் தெரியும்? நானும் கேட்கவில்லை, ஆமோய் வந்து இழுத்துக்கொண்டு போனாள். உன்னை இழுக்க அங்கே ஆள் இல்லை, அதனால்தான் இங்கிருந்து எழுதுகிறேன்.

செந்தூலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் அதே ரயில் நேராகப் பத்துமலையில் போய் நிற்கும், மாற வேண்டியதில்லை. 272 படியும் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? கீழே முருகன் சிலைக்கு எதிரே உட்கார்ந்து புறாக்களைப் பார்த்துவிட்டு வா. பக்கத்து வீட்டு அந்தத் திருவாரூர் அம்மா ஒருத்தி இருப்பதாகச் சொன்னாயே, அவளைக் கூப்பிடு. முதல் நாள் ரயில் நிலையம் வரைக்கும் போய் வந்தாலே போதும்.

அப்புறம் முக்கியமான சேதி. ஆமோய் ஆகஸ்டில் மகள் வீட்டுக்குப் பெர்த் போகிறாள். ஆறு மாதம் என்கிறாள், அவள் பிள்ளைகள் பேசுவதைப் பார்த்தால் இனி அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. போன வாரம் திரும்பி வரும்போது ஃபெர்ரியில் கேட்டாள்: "அந்தச் செருப்புக்காரி வரமாட்டாளா? மூணு பேரும் ஒரு தடவை போலாமே." நான் பதில் சொல்லவில்லை. உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வாடி. செவ்வாய்க்கிழமை காலை கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த். அறுபது தாண்டியவர்களுக்கு டிக்கெட்டில் கழிவு உண்டு, அடையாள அட்டையை மறக்காதே. உன் மகள் ஏற்றிவிட்டால் போதும், இறங்கும் இடத்தில் நான் நிற்பேன். நடைபாதையிலேயே நடந்து வந்தால் ஃபெர்ரி முனையம், மறுநாள் காலை அங்கேயே ஆமோயும் வந்துவிடுவாள். ராத்திரி என் கட்டிலில் படுத்துக்கொள், பேத்தி ஹாலில் படுப்பாள், இப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். மருமகள் உனக்கு மீன் குழம்பு வைக்கிறேன் என்கிறாள். புளி குறைவாகத்தான் போடுவாள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடு.

உன் மகளிடம் நான் பேச வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடச் சொல். ஜூலையில் எந்தப் புதன்கிழமை என்பதை மட்டும் நீ சொல். வார் வைத்த செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பழைய லயத்துத் தோழி