டெலிபோனுக்குப் புள்ளடி போட்டவள் எழுதுவது

மதிப்புக்குரிய எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச அவர்களுக்கு,

வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். ஜனாதிபதித் தேர்தலில் உங்கள் சின்னமென்று 2019இல் அன்னத்துக்கும் 2024இல் டெலிபோனுக்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முக்கால்வாசிப் பேர் புள்ளடி போட்டோம். இரண்டு தடவையும் நுவரெலியா மாவட்டத்தில் நீங்கள்தான் முதலாவது. நாட்டில்தான் தோற்றீர்கள்.

"இனி சஜித் என்ன செய்வார், யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்வாரா?" என்று கொழும்பில் ஓயாமல் பேசுகிறார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற எங்கள் பிரட்டுக் களத்தில் அந்தப் பேச்சே இல்லை. உங்களுக்குக் கவலை தர வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

தோற்றவர் திரும்பி வருவது இந்த நாட்டில் புதிதில்லை. 1999இலும் 2005இலும் ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற ரணில் விக்கிரமசிங்க, 2022இல் நாடாளுமன்றத்தின் 134 வாக்குகளோடு ஜனாதிபதி ஆனார். அந்தக் கதவு அந்த வருடம் உங்கள் முன்னாலும் திறந்துதான் இருந்தது, நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள். சரி, அது முடிந்த கதை. நான் சொல்ல வருவது 2024இல் உங்களை வென்று ஜனாதிபதியான அநுரகுமார திசாநாயக்கவைப் பற்றி. 2019இல் அவருக்குக் கிடைத்தது 3.16 வீதம். அடுத்த வருடம் நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்கு மூன்றே ஆசனம். ஆனாலும் அவர்களுடைய ஆட்கள் தேர்தல் இல்லாத நாளிலும் எங்கள் டிவிசனுக்கு வந்துபோனார்கள். ஏதோ துண்டுப் பிரசுரம், ஒரு கூட்டம், ஒரு மரண வீடு. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வந்தார்கள், அவ்வளவுதான்.

2024 செப்டம்பர் 21இல் உங்களை முதலாவதாக வைத்த இதே மாவட்டம், நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் எட்டு ஆசனங்களில் ஐந்தை அநுரவின் திசைகாட்டிச் சின்னத்துக்குக் கொடுத்தது. இடையில் 54 நாள். மலையகத்து வாக்கு எங்கேயும் போகாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். தோட்டத் தொழிலாளரைச் சிறுதோட்ட உரிமையாளர் ஆக்குவேன் என்று 2024இல் சொன்னீர்கள். அதைக் கேட்டதும் அம்மா கறிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ரேடியோ பக்கம் வந்து நின்றார். சம்பளத்தைப் பற்றி யார் பேசினாலும் அவர் அப்படி எழுந்து வந்ததில்லை. சம்பளக் கதை அவருக்கு மனப்பாடம்: நாளுக்கு முதலில் 1,000 ரூபாய், பிறகு 1,700 என்றார்கள், கையில் வந்தது 1,350, இப்போது 1,750. எத்தனை ஆனாலும் நோம், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோக் கணக்கு, பிடிக்காவிட்டால் அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம்தான்.

தோட்டங்கள் 22 கம்பனிகளின் கைக்குப் போனது 1992இல். அப்போது ஜனாதிபதி உங்கள் அப்பா. நிலம் இன்னும் அரசாங்கத்துடையது. குத்தகைதான் 2045 வரை. அந்தக் கம்பனிகளைவிட அதிகமாகக் கொழுந்து கொடுப்பவர்கள் இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள். அவர்களால் முடிவது, நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இதே செடியோடு கிடக்கிற எங்களால் முடியாதா? எங்கள் தோட்டத்திலேயே காடேறிக் கிடக்கிற மலைகள் இருக்கின்றன. 2025 நவம்பரில் டித்வா புயல் மண்ணைச் சரித்தபோது, வீடு கட்டிக்கொடுக்க ஆள் இருந்தாலும் கட்ட நிலம் எங்கே என்ற கேள்வியில்தான் எல்லாம் வந்து நின்றது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். அந்த வாக்குறுதியை அடுத்த தேர்தல் வரை பெட்டியில் வைக்காமல், இப்போதே தனிநபர் சட்டமூலமாக, அரசாங்கம் அல்லாமல் ஓர் உறுப்பினரே கொண்டு வருகிற சட்டமூலமாக எழுதி நாடாளுமன்றத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆளுக்கு எத்தனை பேர்ச் நிலம், எந்த மலை, காணி உறுதி யார் பெயரில் (கொழுந்து பறிக்கிற பெண்ணின் பெயரும் அதில் இருக்க வேண்டும்), பறித்த கொழுந்தை யார் வாங்குவார்கள், கடனுக்கு எந்த வங்கி, எல்லாவற்றையும் எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள். மலையகத் தலைவர்கள் மனோ கணேசனும் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் உங்களோடு நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் வழியாகச் சொல்லி அனுப்பாமல் நீங்களே எழுந்து நின்று பேசுங்கள்.

அரசாங்கத்தின் 159 பேருக்கு முன் உங்கள் 40 பேர் தோற்றுப்போகலாம். பரவாயில்லை. எங்கள் வாக்கில் போன எட்டுப் பேரும் அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றார்கள் என்று நாடாளுமன்றப் பதிவான ஹன்சாட்டில் இருக்கும். நான் அதைப் பிரதி எடுத்து வாசிகசாலைச் சுவரில் ஒட்டுகிறேன்.

எழுதி முடித்ததும், தேர்தல் இல்லாத ஒரு நாளில் அதை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். மாலை ஐந்துக்குப் பிறகு வந்தால் நல்லது. அதற்கு முன் எல்லோரும் மலையில் நிற்பார்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து ஆசிரியை ஒருத்தி