செயலாளர் ஆண்டறிக்கை: பழைய பிளாஸ்டிக் கப்பல், படகு கிட் சேகரிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுக்க நம் கவனம் ஒரே வேலையில்தான் இருந்தது: உறுப்பினர்களிடம் உள்ள கிட்களின், அதாவது பாகங்களை ஒட்டிக் கப்பல், படகு மாதிரிகள் செய்யும் தொகுப்புகளின், பெட்டிகளைத் திறந்து, பெட்டியும் உள்ளிருப்பதும் ஒரே காலத்தவையா என்று பார்ப்பது.

ரெவெல் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த யுஎஸ்எஸ் மிசௌரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் கிட்டையே எடுத்துக்கொள்வோம். அளவு 1/535, கட்டி முடித்தால் சுமார் 50 செ.மீ. அதே அச்சில் பல பத்தாண்டுகள் வார்த்துத் தள்ளினார்கள். ஆகவே கப்பல் அரிதல்ல; முதல் வெளியீட்டுப் பெட்டிதான் அரிது. பழைய பெட்டியில் பின்னாள் பாகங்களைப் போட்டு விற்பது எளிது. பிளாஸ்டிக்கில் பொறித்திருக்கும் ஆண்டை நம்பி ஏமாற வேண்டாம். அது அச்சு செய்த காலத்தைச் சொல்லும், வார்த்த காலத்தைச் சொல்லாது. செய்முறைத் தாளில் உள்ள எண் பெட்டியின் எச்-301 எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ரெவெலின் அந்தக்காலப் பெட்டிகளில் எண்ணை அடுத்து வரும் இலக்கம் சென்ட் கணக்கில் விலை: 198 என்றால் 1.98 டாலர்.

‘பிரிக்காத பெட்டி’ என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை இந்தச் செயலாளர் ஆதரிக்கவில்லை. சுருங்கும் பிளாஸ்டிக் உறையை யாரும் இன்று மறுபடி போட்டுவிடலாம். அசல் உறையாகவே இருந்தாலும் அது மேலும் மேலும் இறுகி, அட்டையின் மூலைகளை நசுக்கி, உள்ளிருக்கும் கப்பலின் நீண்ட உடற்பகுதியையும் வளைத்துவிடும். பிரித்துப் பார்த்துவிடுவதே நல்லது.

பிரித்ததும் செய்முறைத் தாளின் பாகப் படத்தில் ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள். பாகங்களைப் பிணைத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து உதிர்ந்து காணாமல் போவது நங்கூரம், புரொப்பெல்லர், உயிர்காப்புப் படகு, பீரங்கிக் குழல். மிசௌரியில் பெரிய குழல்கள் ஒன்பதும் இருக்க வேண்டும். பிறகு உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டாமல் சேர்த்து விளக்கின் முன் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் வளைந்திருக்கிறது. பெட்டிகளைப் பத்துப் பதினைந்தாக அடுக்கியதும், பரணின் சூடும்தான் இதற்குக் காரணம். கொதிநீரில் போட வேண்டாம், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் அந்தச் சூட்டில் இளகி உருவம் இழக்கும்.

மென்மையான வினைல் பாகங்களை உடனே தனிப் பையில் போடுங்கள். வினைலை நெகிழ வைக்கும் எண்ணெய் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை உருக்கிப் பள்ளமாக்கும். மோட்டார் வைத்த படகென்றால் மின்கல அறையைத் திறந்து பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். வளைவது நிற்காது, மற்றக் கிட்களிடமிருந்து விலக்கி வையுங்கள்.

ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் முதல் கப்பலான கோல்டன் ஹைண்ட் 1952-இல் வந்தது. பெட்டியில்லை, பிளாஸ்டிக் பையும் மேலே பின் அடித்த தலைப்பு அட்டையும்தான். அந்தப் பின் துருப்பிடித்தால் பழுப்பு வளையம் அட்டைக்குள் பரவும். பையோடு சிலிக்கா ஜெல் வைப்பது கட்டாயம். துரு தொடங்கிவிட்டால் பின்னின் கால்களைப் பின்புறமிருந்து மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுங்கள், இழுக்காதீர்கள்.

மஞ்சளித்த டீக்கால் தாளை, அதாவது நீரில் நனைத்து மாதிரியில் ஒட்டும் குறிகள் கொண்ட தாளை, பையிலிட்டு வெயில் படும் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் மஞ்சள் குறையும். நிறமும் வெளுக்கக்கூடும் என்பதால் தினமும் பாருங்கள். பயன்படுத்துமுன் ஓரத்துச் சிறு குறியொன்றை நீரிலிட்டுச் சோதியுங்கள். அது துண்டுதுண்டாக உடைந்தால் மற்றவற்றின் மேல் தெளிந்த லாக்கர் பூச வேண்டும்.

வரும் ஆண்டில், கிட் நிறுவனங்களுக்கிடையே அச்சுகள் கைமாறிய பட்டியல் ஒன்று தயாராகும். பைரோவின் அச்சுகள் லைஃப்-லைக் வழியாக லிண்ட்பெர்கிடம் போயின. ஒரே படகை மூன்று பெயரில் வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. அரோராவின் அச்சுகளை 1977-இல் மோனோகிராம் வாங்கியது. இதற்காக உறுப்பினர்கள் தங்கள் செய்முறைத் தாள்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன். தாள் இழுக்கும் நகல் இயந்திரத்தில் மடிப்பு கிழிந்துவிடும் என்பதால், கண்ணாடி மேல் விரித்து மட்டுமே நகல் எடுப்போம். அசல் அன்றே கையில் திரும்பும்.

செயலாளர்