அறுவை சிகிச்சைக்கு முந்திய தாமதத்துக்கும் ஒரு விலை வையுங்கள்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2024 மே 29 அன்று நீங்கள் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டுச் சுற்றறிக்கையை உட்கார்ந்து முழுசாகப் படித்தவள் நான். கேஷ்லெஸ், அதாவது மருத்துவமனை பில்லை இன்ஷூரன்ஸ் நிறுவனமே நேரடியாகக் கட்டும் வசதி, கேட்டு மருத்துவமனை அனுப்பும் விண்ணப்பத்துக்கு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் அம்மாவை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன்.

பித்தப்பையில் கல். மறுநாள் காலை 8 மணிக்கு ஆபரேஷன். முந்தைய நாள் காலை பத்தரைக்கே பேப்பர் எல்லாம் போய்விட்டது. நிறுவனத்திடமிருந்து முதல் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, வந்தது: ஸ்கேன் ரிப்போர்ட் தெளிவாக இல்லை. அனுப்பினோம். வயிற்றுவலி முதலில் எப்போது வந்தது, அன்று பார்த்த டாக்டரின் சீட்டு எங்கே என்று இரண்டாவது. தேடி எடுத்துக் கொடுத்தோம். சாயங்காலம் மூன்றாவது: சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது? டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதையே லெட்டர்ஹெட்டில், சீலோடு கேட்டு இரவு நான்காவது.

நான்கையும் சேர்த்து முதலிலேயே கேட்டிருக்கலாம். இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் பாவம், என்ன செய்வாள்? "அவங்க ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் போட்டுட்டாங்கக்கா. குவெரியும் பதில் கணக்குதான்" என்றாள். ஒவ்வொரு குவெரிக்கும் அந்த ஒரு மணி நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது.

விடிந்ததும் அம்மா தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தார். நாற்பது வருடத்தில் முதல் முறை. வெறும் மஞ்சள் கயிற்றோடு, பச்சை கவுனில், இரவு பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் காத்திருந்தார். மதியம் ஒரு மணிக்குக் கை நடுங்கி, நெற்றியெல்லாம் வியர்த்தது. சர்க்கரை 64. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்று மணிக்கு, இன்று முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். அன்று இரவும் பட்டினி. 90,000 ரூபாய் கட்டினால் உடனே செய்துவிடலாம், பிறகு கிளெய்ம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை. இல்லாதவர்கள்தானே வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறோம்? அனுமதி வந்தது அதற்கும் மறுநாள் காலை 11.40-க்கு.

சர்க்கரை பற்றிய அந்தக் கேள்விதான் என்னால் பொறுக்க முடியாதது. எங்கள் பாலிசி 2015 முதல் ஒரு வருடமும் விடாமல் புதுப்பித்தது. தொடர்ந்து 60 மாதம் முடிந்த பாலிசியில், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, பழைய நோயைச் சொல்லவில்லை என்று கிளெய்மை மறுக்க முடியாது என்பது உங்கள் விதி. அப்படியானால் அந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து அவர்கள் என்ன முடிவெடுக்கப் போகிறார்கள்?

பொய் பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நிறுவனம் சரிபார்க்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரே தடவையில் சரிபார்க்கட்டும்.

டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தைத் தாண்டினால், அதனால் கூடும் மருத்துவமனைக் கட்டணத்தை நிறுவனமே பங்குதாரர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று எழுதினீர்கள். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரின் தீர்ப்பை 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் என்றும் வைத்தீர்கள். இரண்டும் நல்ல விதிகள். நோயாளி குணமாகி வீட்டுக்குக் கிளம்பும்போது ஆகும் தாமதத்துக்கு விலை இருக்கிறது. வலியோடு பட்டினி கிடக்கும்போது ஆகும் தாமதத்துக்கும் அதே விலையை வையுங்கள். சந்தேகம் எல்லாவற்றையும் ஒரே குவெரியில் கேட்கச் சொல்லுங்கள். பதில் போன பிறகு புதுக் குவெரி வந்தால், அன்றைய அறை வாடகை அவர்கள் கணக்கில் ஏறட்டும். குவெரி கேட்கும் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் அதில் இருக்கட்டும்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். நான்கு குவெரிகளும் வந்த நேரம், நாங்கள் பதில் அனுப்பிய நேரம், எல்லாம் என்னிடம் பிரிண்ட் எடுத்து இருக்கிறது. கேட்டால் அன்றைக்கே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு பாலிசிதாரர்