கட்டணம் வாங்கும் கவுன்சில் தளத்துக்கும் போக வேண்டும்

இங்கிலாந்தின் கவுன்சில்களில் உறுப்பினர்களாக இருக்கும் தமிழர்களுக்கும், அங்கே உரிமம், வீட்டுவசதி, சுற்றுப்புறச் சுகாதாரப் பிரிவுகளில் பணிபுரியும் தமிழ் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

பார்க் ஹோம் தளங்களைப் பற்றி, அதாவது வேறிடத்தில் செய்து கொண்டுவந்து இறக்கிய வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு இடங்களைப் பற்றி எழுதுகிறேன். நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் இடங்கள் அல்ல அவை. ஆனாலும் அந்தத் தளங்களுக்கு உரிமம் கொடுப்பதும், நிபந்தனை விதிப்பதும், ஆண்டுக் கட்டணத்தைத் தீர்மானிப்பதும் நீங்கள் இருக்கும் மன்றங்கள்தான். ஆகவே இது உங்கள் வேலை.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,000 தளங்களில் 85,000 குடும்பங்கள் வாழ்வதாக அரசே கணக்குச் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். செங்கல் வீட்டை விற்றுவிட்டு, மிச்சப் பணத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு இங்கே வந்தவர்கள். வீடு அவர்களுடையது, அது நிற்கும் நிலம் தள உரிமையாளருடையது. நிலத்துக்கு மாதாமாதம் பிட்ச் கட்டணம் கட்ட வேண்டும். வீட்டை விற்றால் விலையில் 10 சதவீதம் வரை உரிமையாளருக்குப் போகும். பிடிக்கவில்லை என்று வீட்டைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போவது பேச்சுக்குத்தான் முடியும். இந்த நிலையில் இருப்பவர்களுக்குக் கவுன்சிலின் உரிமம்தான் பெரிய காவல்.

இந்த உரிம முறை 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. ஆனால் அதற்காக ஒரு பென்னிகூட வாங்கும் அதிகாரம் கவுன்சில்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் இல்லை. பணம் இல்லை, ஆள் இல்லை என்று தளங்களைப் பார்க்காமலே விட்ட கவுன்சில்கள் பல. தள உரிமையாளர்கள் சிலர் வீடு விற்பனையைத் தடுத்து, முதியவர்களை மிரட்டி, வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கிய கதைகள் நாடாளுமன்றம் வரை போயின. முறைகேடு பரவலாக இருக்கிறது என்று 2012-இல் நாடாளுமன்றக் குழுவே அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு வந்ததுதான் 2013-ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம். 2014 ஏப்ரல் 1 முதல் விண்ணப்பக் கட்டணமும் ஆண்டுக் கட்டணமும் வாங்கலாம், நிபந்தனையை மீறினால், குறையைத் திருத்தச் சொல்லும் இணங்கல் அறிவிப்பு கொடுக்கலாம், அதற்கும் பணியாவிட்டால் வழக்குத் தொடரலாம் என்று உங்கள் கைக்கு அதிகாரம் வந்தது.

கட்டணத்தில் லாபம் பார்க்கக் கூடாது. எப்படிக் கணக்கிடுகிறோம் என்ற கொள்கையை வெளியிட்ட பிறகே வாங்க வேண்டும். கணக்கில் சேர்வது போய்வரும் செலவு, ஆய்வு செய்யும் நேரம், கடிதப் போக்குவரத்து, மறு ஆய்வு போன்றவை. ஆகவே ஆண்டுக் கட்டணம் வாங்கியும் ஆய்வுக்கு ஆள் அனுப்பாத கவுன்சில், செய்யாத வேலைக்குக் கூலி வாங்குகிறது.

நான் ஒரு கிராமத்தில் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துத் தளத்து முதியவர்கள் பாலுக்கும் பத்திரிகைக்கும் வருகிறபோது, தமக்கு வந்த கடிதங்களையும் கொண்டு வந்து காட்டுவார்கள். பிட்ச் கட்டணம் ஏன் ஏறியது என்பதற்கான விளக்கத்தில் கவுன்சிலின் உரிமக் கட்டணமும் ஒரு வரியாக இருக்கும். கவுன்சிலிலிருந்து யாராவது வந்து பார்த்தார்களா என்று கேட்டால், தெரியாது என்பார்கள். வந்திருந்தாலும் அவர்களுக்குச் சொன்னவர் எவரும் இல்லை.

உறுப்பினர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஆண்டு உரிமக் கட்டணத்தைப் பிட்ச் கட்டண மறுஆய்வில் குடியிருப்போர் தலையில் ஏற்றச் சட்டம் இடம் தருகிறது. இணங்கல் அறிவிப்பால் வரும் செலவை அப்படி ஏற்ற முடியாது, அதை உரிமையாளரே சுமக்க வேண்டும். இந்த வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். கட்டணம் மட்டும் வாங்கி நடவடிக்கை எடுக்காத கவுன்சிலால் ஒழுங்கற்ற உரிமையாளருக்கு ஒரு நட்டமும் இல்லை, அங்கே குடியிருக்கும் கிழவிக்குத்தான் நட்டம். நடவடிக்கை எடுத்தால்தான் செலவு போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

ஆய்வு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008-இல் அரசு வெளியிட்ட மாதிரித் தரங்களின்படி இரண்டு வீடுகளுக்கிடையே 6 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குத் தாவாமல் இருப்பதற்காக. எந்த வீடும் தீயணைப்புச் சாதனம் வைத்த இடத்திலிருந்து 30 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. பழைய சிறிய வீட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் இரண்டு பாகங்களை இணைத்த அகலமான புதிய வீட்டை இறக்கினால் உரிமையாளருக்கு நல்ல காசு, ஆனால் இடைவெளி சுருங்கிவிடும். அந்த இடைவெளியிலேயே மரக் கொட்டகை ஒன்றும் எரிவாயு உருளைகளும் வந்து நின்றால் நிலைமை எப்படி இருக்கும்! இதை மின்னஞ்சலில் கண்டுபிடிக்க முடியாது. அளவு நாடாவோடு ஒருவர் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். வேல்ஸில் உரிமத்தின் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு, புதுப்பிக்கும்போதாவது யாரேனும் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் திட்ட அனுமதிக்கு (நிலத்தை இப்படிப் பயன்படுத்தத் தரும் அனுமதிக்கு) காலக்கெடு இல்லாதவரை உரிமமும் முடிவில்லாமல் ஓடும். ஆகவே இங்கே ஆண்டு ஆய்வை விட்டால் வேறு வழி இல்லை.

விடுமுறைத் தளங்களுக்கு இந்த ஆண்டுக் கட்டணம் கிடையாது, அங்கே குடியிருப்போருக்கு, பார்க் ஹோம்வாசிகளின் உரிமைகளைக் காக்கும் 1983-ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. ஆனால் "ஆண்டு முழுவதும் தங்கலாம்" என்ற விற்பனைப் பேச்சை நம்பிச் சேமிப்பைக் கொட்டியவர்கள் அங்கும் இருக்கிறார்கள். ஜிப்சி, டிராவலர் எனும் நாடோடிச் சமூகத்தாருக்காகக் கவுன்சில்கள் நடத்தும் தளங்களோ உரிமமே தேவைப்படாதவை. தன் தளத்தைத் தானே ஆய்வு செய்து கேள்வி கேட்கும் கவுன்சில் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. இவை இரண்டும் தனியாக எழுத வேண்டியவை, இப்போதைக்கு விடுகிறேன்.

2021 முதல் தளத்தை நிர்வகிப்பவர் தகுதியானவர் என்று கவுன்சில் சரிபார்த்து, பதிவேட்டை வெளிப்படையாக வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைப் போலவே ஆய்வு அறிக்கைகளையும் ஏன் வெளியிடக் கூடாது? எந்தத் தளத்துக்கு எந்தத் தேதியில் போனோம், என்ன குறை கண்டோம், திருத்த எவ்வளவு காலம் கொடுத்தோம் என்று ஒரு பக்கம் போதும். சிறு தளங்களை ஒரு குடும்பமே நடத்துவதும் உண்டு. அவர்களுக்குக் கட்டணம் குறைக்கலாம், சில கவுன்சில்கள் விலக்கே கொடுக்கின்றன. அது நியாயம். ஆனால் விலக்குக் கிடைத்த தளத்துக்கும் ஆய்வு நடக்க வேண்டும்.

உறுப்பினர்களே, கட்டணக் கொள்கை உங்கள் மன்றத்தில் ஒப்புதலுக்கு வரும்போது பவுண்டு கணக்கை மட்டும் பார்த்துக் கை தூக்காதீர்கள். கடந்த ஆண்டு எத்தனை தளங்களிடம் பணம் வாங்கினோம், அவற்றில் எத்தனைக்கு நேரில் போனோம், எத்தனை இணங்கல் அறிவிப்பு கொடுத்தோம் என்று அதிகாரியிடம் கேளுங்கள். பதில் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும் என்றும் கேளுங்கள். அலுவலர்களே, தளத்துக்குப் போகும்போது உரிமையாளரின் அலுவலகத்தோடு திரும்பிவிடாமல் நாலு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வரும் தேதியைக் குடியிருப்போருக்கும் முன்கூட்டியே எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
கிராமத்துக் கடைக்காரர் ஒருவர்