உறங்குமிடத்தில் ஒரு வெளிவழி

ஐயா,

சமையலறையும் படுக்கையும் கொண்ட கேரவன் வண்டிகளில் சுற்றுலா செல்வது பெருகிவருவதாகத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, தீப்பிடித்தால் உள்ளே உறங்குவோர் எப்படி வெளியேறுவது என்பதைத் தொடவே இல்லை. அடுப்பு வாசலை ஒட்டி அமைந்த வண்டியில் தீ அங்கே தொடங்கினால், இருக்கும் ஒரே வழியும் அடைபட்டுவிடும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும் என்பதால், மேலுள்ள ஜன்னலைத் திறந்துவைப்பது மட்டும் போதாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் உயிரிழந்தது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

சென்ற ஆண்டு நாங்கள் வாடகைக்கு எடுத்த கேரவனில், கட்டிலுக்குப் பின்னிருந்த அவசர ஜன்னலின் கொக்கி துருப்பிடித்து, இருவர் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. பேத்தி உறங்க, நான் விடியும்வரை விழித்திருந்தேன். ஆகவே, தகுதிச் சான்று வழங்கும்போது அவசர ஜன்னலை உள்ளிருந்து திறந்து பார்ப்பதையும், தரையருகே வாயுக் கசிவை உணர்த்தும் கருவியும் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவியும் இருப்பதையும் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும். வாடகைக்கு விடுவோரும், சாவியைக் கொடுக்கும் முன் அந்த ஜன்னலைப் பயணிகளையே ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்